மலை முகாமில் இரவு நேர இயற்கை உபாதை: கிளம்பும் முன் தொடங்கி மறுநாள் காலை வரை

முதல் முறை மலைப்பாதையில் கூடாரம் போட்டுத் தங்கியவர்களிடம் காலையில் "தூங்கினீர்களா?" என்று கேட்டால், பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். குளிரா, தரை உறுத்தியதா என்று விசாரித்தால் மெல்ல உண்மை வெளியே வரும். நள்ளிரவில் சிறுநீர் முட்டியிருக்கிறது. டார்ச் பையின் அடியில் கிடந்திருக்கிறது. காலணி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெளியே என்ன இருக்குமோ என்ற பயம், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பக் கூச்சம். விடியட்டும் என்று அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுத்திருக்கிறார்கள்.

நான் பார்த்தவரை இந்தச் சிக்கல் இரவில் தொடங்குவதே இல்லை. மாலை வெளிச்சம் இருக்கும்போது செய்திருக்க வேண்டிய சின்னச் சின்ன வேலைகள் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியை நேர வரிசையில் எழுதியிருக்கிறேன். வீட்டில் செய்ய வேண்டியது முதலில், மறுநாள் காலையில் செய்ய வேண்டியது கடைசியில். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முந்தைய படி முடிந்திருந்தால்தான் அடுத்தது சுலபமாகும்.

## 1. மலையில் ஏன் அடிக்கடி வருகிறது

காரணம் தெரிந்தால் "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற கவலை போய்விடும். குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. அங்கே ரத்தம் அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகங்கள் கூடுதல் நீரை வெளியேற்றுகின்றன. உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவதும் இதே விளைவைத் தரும்.

இன்னொன்று, பகல் முழுவதும் நடந்த கால்களில் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். படுத்ததும் அது மெல்ல ரத்தத்துக்குத் திரும்பி, ஓரிரு மணி நேரத்தில் சிறுநீராக வந்து நிற்கும். "படுக்கும் முன் போனேனே, மறுபடியும் ஏன்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உயர நோய்க்காக (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உடல்நலக் குறைவு) மருத்துவர் அசிட்டசோலமைடு மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும் சிறுநீரைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம், இரவு ஏற்பாட்டைத்தான் பலப்படுத்த வேண்டும்.

ஆக, இரவில் ஒரு முறையாவது எழுவோம் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

## 2. வீட்டிலேயே எடுத்து வைக்க வேண்டியவை

பொருட்கள் அதிகமில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் வீட்டிலேயே ஒரு முறை பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும்.

தலையில் மாட்டும் டார்ச் அவசியம். கையில் பிடிக்கும் டார்ச் இதற்குச் சரிவராது, ஏனென்றால் இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். செல்போன் வெளிச்சத்தை நம்பி வந்தவர்கள் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு வெளிச்சமும் உள்ள டார்ச்சாக இருந்தால் நல்லது.

மலம் புதைக்கக் குழி தோண்ட ஒரு சிறிய மண்கரண்டி வேண்டும். குச்சியாலோ காலணி நுனியாலோ தோண்டிக்கொள்ளலாம் என்று வருபவர்கள் நான்கு விரற்கடை ஆழத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது.

துடைக்கும் தாள், பயன்படுத்திய தாளைத் திரும்ப எடுத்துவர இரண்டு ஜிப் பைகள், சோப்பு, சானிடைசர், இவையெல்லாம் ஒரே சிறு பையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் பை பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். தண்ணீரால் கழுவிப் பழகியவர்கள் மூடியில் துளையிட்ட சிறிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அமுக்கினால் நீர் பீய்ச்சும். தாளும் மிச்சமாகும். ஈரத் துடைப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருப்பதால் மண்ணில் மக்காது. கொண்டுபோனால் அத்தனையையும் திரும்ப எடுத்து வர வேண்டும்.

குளிர், மழை, பனி எதிர்பார்க்கும் பயணமென்றால் சிறுநீர் பாட்டில் ஒன்று வேண்டும். அதற்குத் தனிப் படியே கீழே வைத்திருக்கிறேன், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

போகும் இடத்தின் விதியையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சில இடங்களில் மலத்தைப் புதைக்கவே கூடாது, பையில் கட்டிக் கீழே எடுத்து வர வேண்டும். அமெரிக்காவின் மவுண்ட் விட்னி பகுதியில் அப்படித்தான். எவரெஸ்ட் ஏறுபவர்களுக்கும் 2024 முதல் இந்த விதி வந்திருக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றோரம் தங்குபவர்கள் சிறுநீரை நேரே ஆற்றில்தான் கழிக்க வேண்டும். வறண்ட மணல் கரையில் கழித்தால் அடித்துச்செல்ல மழை இல்லாமல் நாற்றம் தங்கிவிடும் என்பது காரணம். மற்ற பெரும்பாலான இடங்களில் தண்ணீரை விட்டு விலகு என்பதே விதி. பொது விதியும் இடத்தின் விதியும் முரண்பட்டால் இடத்தின் விதியே செல்லும்.

## 3. பகலில் குடிக்கும் தண்ணீரின் நேரத்தை மாற்றுவது

இங்கேதான் புதியவர்கள் முதல் தவறைச் செய்கிறார்கள். இரவில் எழ வேண்டாமே என்று நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைக்கிறார்கள். விளைவு தலைவலி, களைப்பு. உயரமான இடமென்றால் அந்தத் தலைவலி உயர நோயா தண்ணீர்க் குறைவா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

அளவைக் குறைக்காதீர்கள். நேரத்தை முன்னால் தள்ளுங்கள். காலை எழுந்ததும் நன்றாகக் குடியுங்கள், நடக்கும்போது அடிக்கடி குடியுங்கள். முகாமுக்கு வந்து சேரும்போது அன்றைய தேவையில் பெரும்பகுதி உள்ளே போயிருக்க வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து தாகத்துக்கு ஓரிரு மிடறு மட்டும் போதும்.

மாலையில் டீ, காபி வேண்டுமென்றால் கூடாரம் போட்டதும் குடித்துவிடுங்கள். மது வேண்டாம். சிறுநீரைக் கூட்டுவதோடு, இருட்டில் தடுமாறவும் வைக்கும். இரவு உணவில் உப்பைக் கவனியுங்கள். உடனடி நூடுல்ஸ், சூப் பொட்டலங்களில் உப்பு அதிகம். தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பீர்கள், அது நள்ளிரவில் எழுப்பும்.

சாப்பாட்டுக்கு முன் பதினைந்து இருபது நிமிடம் கால்களைப் பையின் மேல் தூக்கி வைத்துப் படுத்திருங்கள். காலில் தங்கிய நீர் தூங்கும் முன்பே கொஞ்சம் திரும்பி வரும். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை. மாலையில் கணுக்கால் வீங்குபவர்களுக்கு நல்ல பலன் தரும்.

## 4. வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்ப்பது

இந்தப் படியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் இரவு சிரமம்தான். சமையலைத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். சமையல் எப்போதும் நினைத்ததைவிட அதிக நேரம் எடுக்கும், அதற்குள் இருட்டிவிடும்.

முதலில் கூடாரத்தின் இடம். ஓடை, ஏரி, ஊற்று எதுவானாலும் அதிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போடுங்கள். பெரியவர் நடையில் ஏறக்குறைய 70 எட்டு. கூடாரமே தண்ணீரிலிருந்து தள்ளியிருந்தால், இரவில் தண்ணீருக்கு எதிர்ப்பக்கம் சில எட்டு போனாலே போதும். கூடாரத்தைக் கரையில் போட்டுவிட்டால் நள்ளிரவில் 70 எட்டு நடக்க வேண்டும். யாரும் நடக்க மாட்டார்கள், குடிதண்ணீருக்குப் பக்கத்திலேயே கழித்துவிட்டு வருவார்கள்.

அடுத்து சிறுநீருக்கான இடம். கூடாரத்திலிருந்து 25, 30 எட்டு தூரம், தண்ணீருக்கும் நடைபாதைக்கும் எதிர்ப்பக்கம். பாறையோ சரளையோ செடியில்லாத வெறும் மண்ணோ இருந்தால் நல்லது. சிறுநீரில் உள்ள உப்பைத் தேடி விலங்குகள் வரும். செடிமேல் கழித்திருந்தால் அதைக் கடித்துக் குதறும், மண்ணைக் கிளறும். பாறையில் கழித்தால் அந்தச் சேதம் இல்லை. தரை கூடாரப் பக்கம் சரியக் கூடாது, காற்றும் அந்தப் பக்கம் வீசக் கூடாது.

மூன்றாவது, மலம் கழிக்கும் இடம். தண்ணீர், பாதை, முகாம் மூன்றிலிருந்தும் 60 மீட்டர். மழை பெய்தால் நீர் ஓடும் தாழ்வான பள்ளத்தைத் தவிர்த்து, மண் கருமையாகவும் மென்மையாகவும் உள்ள மேட்டுப் பகுதியைப் பாருங்கள். அப்படிப்பட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் அதிகம், சீக்கிரம் மக்கும்.

இடம் தெரிந்ததும் குழியை அப்போதே தோண்டிவிடுங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம். அதைவிட ஆழமாகப் போனால் நுண்ணுயிர்கள் குறைந்துவிடும். மேலோட்டமாக விட்டால் விலங்குகள் தோண்டிவிடும். எடுத்த மண்ணைப் பக்கத்தில் குவித்து, அதில் மண்கரண்டியை நட்டு வையுங்கள். நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேர்களுக்கு நடுவே தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் குழியின் அருமை தெரியும். இரவில் தேவைப்படாவிட்டால் காலையில் பயன்படும்.

கடைசியாக, இரண்டு இடங்களுக்கும் கூடார வாசலிலிருந்து ஒரு முறை நடந்து பாருங்கள். எட்டுகளை எண்ணுங்கள். வழியில் வேர், கல், கூடாரக் கயிறு எங்கே என்று கவனியுங்கள். கயிறுகளில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையோ வெள்ளைத் துணித் துண்டோ கட்டுங்கள். இரவில் கீழே விழுபவர்கள் பெரும்பாலும் காட்டில் விழுவதில்லை, சொந்தக் கூடாரத்தின் கயிறு தடுக்கியே விழுகிறார்கள்.

## 5. படுக்கும் முன் செய்யும் வரிசை

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியதும் ஒரு முறை போய் வாருங்கள். பிறகு பல் துலக்கி, உணவுப் பொருட்களை ஒதுக்கி, உடை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைவதற்குச் சற்று முன் மறுபடியும் போங்கள். இரண்டாவது முறை வராது என்று தோன்றினாலும் போய் நில்லுங்கள். முதல் முறையில் முழுதாகக் காலியாவது குறைவு. இந்த இரண்டாம் முறையாலேயே பலருக்கு ஓர் இரவு விழிப்பு குறைந்திருக்கிறது.

உள்ளே வந்ததும் பொருட்களுக்கு இடம் கொடுங்கள். டார்ச் எப்போதும் ஒரே இடத்தில். தலைமாட்டுப் பையிலோ கழுத்திலோ, எங்கேயென்று நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் எந்தப் பயணத்திலும் மாற்றாதீர்கள். பொத்தான் தற்செயலாக அமுங்கி மின்கலம் தீர்ந்துவிடும் என்பதால் பூட்டு வசதி இருந்தால் பூட்டுங்கள். ஸ்வெட்டரும் தொப்பியும் கைக்கெட்டும் தூரத்தில். காலணி வாசல் தாழ்வாரத்தில், முனை வெளியே பார்க்கும்படி. கயிறு கட்டாமல் காலை நுழைத்துக்கொள்ளும் செருப்போ காலணியோ இருந்தால் அதுவே மேல். வெறுங்காலோடு ஒருபோதும் வெளியே போகாதீர்கள்.

ஜிப்பின் பிடியை வாசலின் கீழ் மூலையில் நிறுத்திவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டே தடவிப் பிடிக்க முடிய வேண்டும்.

இரண்டு மூன்று பேர் படுத்தால், அடிக்கடி எழுபவர் வாசல் பக்கம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நடுவில் படுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் அடக்கிக்கொண்டே கிடப்பார்கள், அல்லது எல்லோரையும் மிதித்துக்கொண்டு வெளியேறுவார்கள். குழுவை நடத்துபவர் தானே முன்வந்து "யார் ராத்திரி எழுவீர்கள்? அவர்கள் வாசல் பக்கம் வாங்க" என்று பொதுவாகக் கேட்டுவிடுவது நல்லது. கேட்ட விதத்திலேயே கூச்சம் போய்விடும்.

## 6. விழிப்பு வந்ததும்

அடக்காதீர்கள். அரை மணி நேரம் அடக்கினால் அரை மணி நேரத் தூக்கம் போகிறது, கடைசியில் எழத்தான் போகிறீர்கள். அதற்குள் அவசரம் கூடியிருக்கும், அவசரத்தில்தான் விழுவதும் நனைவதும்.

ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கும்போதே ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சூட்டை உடையோடு எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். வெளியே வந்து நடுங்கியபடி உடை தேடுவது அந்தச் சூட்டை வீணாக்கும்.

எழுந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் இருங்கள். படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். பகலில் வியர்த்து நீர் இழந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சுற்றும். ஆண்கள் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும்போது மயங்கி விழுவதும் உண்டு. சூடான படுக்கையிலிருந்து எழுந்து நின்று, நிரம்பிய சிறுநீர்ப்பை சட்டென்று காலியாகும்போது அழுத்தம் இறங்குவதே காரணம். தலை லேசாக இருந்தால் மண்டியிட்டோ குந்தியோ கழியுங்கள்.

கூடாரத்துக்குள் சிவப்பு வெளிச்சம் போதும். மற்றவர்கள் எழ மாட்டார்கள், உங்கள் கண்ணும் இருட்டுக்குப் பழகியே இருக்கும். வெளியே வந்ததும் வெள்ளை வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். தரையில் கிடக்கும் பாம்போ தேளோ சிவப்பு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. காலணியைத் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

வாசலில் நின்று சுற்றிலும் ஒரு முறை வெளிச்சத்தைச் சுழற்றுங்கள். விலங்கு நின்றால் பெரும்பாலும் அதன் கண்கள் மின்னும். மின்னினால் வெளியே போகாதீர்கள். பேசுங்கள், கைதட்டுங்கள், அது விலகும்வரை காத்திருங்கள். யானை, கரடி போன்ற பெரிய விலங்குகள் நடமாடும் இடத்தில் தனியாகப் போகாமல் ஒருவரை எழுப்பிக்கொண்டு போவது விதியாகவே இருக்கட்டும். அங்கே எனக்குப் பாட்டில்தான் முதல் தேர்வு.

பக்கத்தில் இருப்பவரிடம் "போய்ட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை. தூக்கத்தில் முனகினாலும் போதும். திரும்பி வராவிட்டால் தேட ஒருவர் இருப்பார். கூடார உச்சியில் ஒரு சிறிய விளக்கை எரியவிட்டுப் போங்கள்.

## 7. கூடாரத்துக்குள்ளேயே முடிப்பது: சிறுநீர் பாட்டில்

முதலில் முகம் சுளிப்பவர்கள்கூட ஒரு பனி இரவுக்குப் பிறகு இதை விடுவதில்லை. புயல், கடுங்குளிர், செங்குத்தான சரிவு, விலங்கு பயம் ஆகியவற்றில் எது இருந்தாலும் வெளியே போவதைவிட இது பாதுகாப்பானது. ஆனால் செய்முறை தவறினால் ஸ்லீப்பிங் பேக் நனையும். இறகு அடைத்த பேக் நனைந்தால் குளிரைத் தடுக்கும் சக்தியை இழந்துவிடும். அதனால் இதை அவசரமில்லாமல் படியுங்கள்.

பாட்டில் தேர்வு. வாய் அகலமாக, குறைந்தது 1 லிட்டர் கொள்ள வேண்டும். நால்ஜீன் போன்ற பாட்டில்களின் அகல வாய் 63 மில்லிமீட்டர், அது வசதியான அளவு. பெரியவர் ஒருவர் ஒரே முறையில் அரை லிட்டர் வரை கழிக்கக்கூடும். குளிரில் அதற்கு மேலும் போகும். அரை லிட்டர் பாட்டிலோடு வந்து பாதியில் நிறுத்த முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடையாளம். குடிதண்ணீர் பாட்டிலின் வடிவத்தில் இருக்கவே கூடாது. எழுதி ஒட்டினால் இருட்டில் தெரியாது. கையால் தடவினாலே தெரியும்படி ரப்பர் வளையமோ தடித்த டேப்போ சுற்றுங்கள். ஒரு முறை இந்தப் பாட்டிலாகிவிட்டால் என்றைக்கும் இந்தப் பாட்டில்தான்.

மூடிச் சோதனை. வீட்டில் தண்ணீர் நிரப்பி மூடி, தலைகீழாக ஒரு இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் வேறு பாட்டில்.

நிலை. படுத்தபடி முயலாதீர்கள். புவியீர்ப்பு உங்களுக்கு எதிராக வேலை செய்யும். ஸ்லீப்பிங் பேக்கை இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டு முழங்காலில் நில்லுங்கள். பாட்டிலின் வாய் எப்போதும் அடிப்பாகத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்களுக்கு இவ்வளவுதான்.

பெண்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, இன்னும் அகலமான வாயுள்ள, மூடி இறுகும் டப்பாவின் மேல் முழங்காலை அகற்றி மண்டியிடுவது. இன்னொன்று, பெண்களுக்கென்று விற்கும் சிலிக்கான் புனல். புனல் கசிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வடியும் வேகத்தைவிட வரும் வேகம் அதிகமாகி நிரம்பி வழிவது. உடலோடு இறுக்கமாகச் சேர்த்து, முனையைக் கீழ்நோக்கிச் சரித்து, மெதுவாகத் தொடங்குங்கள். வீட்டில் குளியலறையில் ஐந்தாறு முறை பழகாமல் கூடாரத்தில் முயலாதீர்கள். முதல் முறை எல்லோருக்கும் கசியும். அது குளியலறையில் நடந்தால் நஷ்டமில்லை. குளியலறையில் நின்று பழகிய பிறகு, மண்டியிட்டும் பழகுங்கள். கூடாரத்தில் நிற்க இடமிருக்காது.

நிரம்புவதைக் காதால் அறிவது. பாட்டில் நிரம்ப நிரம்ப சத்தத்தின் சுருதி ஏறிக்கொண்டே போகும். சத்தம் சட்டென்று மேலே ஏறினால் நிறுத்தும் நேரம். இதுவும் வீட்டில் பழக வேண்டியதே.

மூடுவது. நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் மூடி இறுக்கி, பிறகு லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் மரை ஏறாமல் கோணலாக மூடுவதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுக் கூடாரத்தின் மூலையில் நிறுத்துங்கள். உறையும் குளிரென்றால் பாட்டிலை ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் வைத்துக்கொள்ளலாம். மூடியில் முழு நம்பிக்கை இருந்தால் மட்டும். உறைந்துவிட்டால் காலையில் கொட்ட முடியாது, அடுத்த இரவுக்கும் பயன்படாது.

இரண்டாம் முறை எழுந்தால், முதலில் எவ்வளவு இடம் மிச்சம் என்று வெளிச்சத்தில் பாருங்கள். இடமில்லை என்றால் வெளியே போவதே சரி. கூடார வாசலைத் திறந்து அங்கேயே கொட்டிவிட வேண்டாம். உப்பைத் தேடி எலியும் மற்ற விலங்குகளும் வாசலுக்கே வரும்.

## 8. இரவில் மலம் கழிக்க வேண்டி வந்தால்

மாலையில் தோண்டிய குழிக்குப் போங்கள். அதுவரை 60 மீட்டர் நடை என்பதால் இதற்கு மட்டும் துணைக்கு ஒருவரை எழுப்புவதில் தயங்காதீர்கள். துணைக்கு வருபவர் சில எட்டு தள்ளி, முதுகைத் திருப்பிக்கொண்டு, விளக்கோடு நின்றால் போதும்.

குந்தும்போது கால்சட்டையை முழங்காலுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் குழியின் மேலேயே கழுவுங்கள், ஓடைக்குப் போய்க் கழுவுவது கூடவே கூடாது. தாள் பயன்படுத்தியிருந்தால் ஜிப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். தாளை எரிக்க முயல்வது காட்டுத்தீயில் முடியலாம். குவித்த மண்ணைத் தள்ளி மூடி, மேலே சருகையும் ஒரு கல்லையும் வைத்துவிடுங்கள்.

கை கழுவுவதைச் சுருக்காதீர்கள். சோப்பு, தண்ணீர், 20 விநாடி. சானிடைசர் மட்டும் போதாது. வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸ், ஜியார்டியா போன்றவற்றுக்கு ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. முகாமில் ஒருவருக்கு வந்த வயிற்றுப்போக்கு மறுநாள் எல்லோருக்கும் பரவுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

மண்ணே இல்லாத பாறைத் தளம், பனி, புதைக்கத் தடையுள்ள பகுதி ஆகிய இடங்களில் கெட்டியாக்கும் தூள் உள்ள கழிவுப் பை வேண்டும். பையை விரித்து அதிலேயே கழித்து, வாயை முறுக்கிக் கட்டி, வெளிப் பைக்குள் போட்டு எடுத்து வர வேண்டும். பனியில் புதைத்தது மக்காது. பனி உருகியதும் அப்படியே வெளியே தெரியும், உருகிய நீரோடும் கலக்கும். இந்தப் பையில் ஒன்றிரண்டை எல்லாப் பயணத்திலும் நான் கூடுதலாக வைத்திருப்பேன். திடீர் வயிற்றுப்போக்கில் குழிவரை போக முடியாதவருக்கு, கூடாரத்தின் வாசல் தாழ்வாரத்திலேயே உதவும்.

## 9. திரும்பும் வழி தெரியாமல் போனால்

சிறுநீர் கழிக்கப் போய் வழி தவறுவது நடக்கிற விஷயம், பகலிலேயே நடக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் அனுபவமுள்ள ஒரு பெண், இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகியவர் திரும்பும் வழியைக் கண்டுபிடிக்க முடியாமல் காட்டிலேயே இறந்துபோனார். இரண்டு ஆண்டுகள் கழித்தே உடலைக் கண்டெடுத்தார்கள். அடர்ந்த காட்டில் சில எட்டு தள்ளிப் போனாலே பாதை மறைந்துவிடும்.

எட்டு எண்ணிக்கொண்டு போங்கள், அதே எட்டு திரும்புங்கள். போகும்போதே ஒரு முறை பின்னால் திரும்பிக் கூடாரத்தைப் பாருங்கள், திரும்பும்போது தெரியப்போகும் காட்சி அதுதான். விசில் கழுத்தில் இருக்கட்டும். மூடுபனி இருந்தால் கூடாரத்திலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டே போங்கள், அல்லது பாட்டிலைப் பயன்படுத்துங்கள்.

குழம்பிவிட்டது என்று தோன்றிய கணமே நின்றுவிடுங்கள். தேடி நடக்காதீர்கள், ஒவ்வொரு எட்டும் தூரத்தைக் கூட்டும். டார்ச்சை ஒரு விநாடி அணைத்துக் கூடார விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் மூன்று முறை விசில் அடியுங்கள், குரல் கொடுங்கள், அங்கேயே இருங்கள். மற்றவர்களை எழுப்புகிறோமே என்ற சங்கடம் இங்கே வேண்டாம்.

## 10. தனிக் கவனம் வேண்டியவர்கள்

குழந்தைகளைப் பெரியவர்கள் படுக்கப் போகும் நேரத்தில் ஒரு முறை எழுப்பிக் கூட்டிப் போய் வாருங்கள். இருட்டுப் பயத்தில் அவர்கள் சொல்லாமலே அடக்குவார்கள், அப்புறம் படுக்கையில் போய்விடும். ஒரு மாற்று உடையும் நீர் புகாத விரிப்பும் கையில் இருக்கட்டும். நனைந்துவிட்டால் திட்டாதீர்கள், உடனே உலர்ந்த உடைக்கு மாற்றுங்கள். ஈரத்தோடு தூங்கினால் உடல் சூடு வேகமாகக் குறையும்.

மாதவிடாய் நாட்களில் பஞ்சு, நாப்கின் எதையும் புதைக்க வேண்டாம். ஒளிபுகாத பையில் கட்டி எடுத்து வர வேண்டும். மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்கள் குழியில் கொட்டிவிட்டு, கொண்டுபோன சுத்தமான நீரில் அலசலாம். நடுநிசியில் மாற்ற வேண்டாதபடி, படுக்கும் முன் மாற்றிவிடுவது நல்லது.

புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இரவில் இரண்டு மூன்று முறை எழுவார்கள். இவர்களுக்கு வெளியே போகும் ஏற்பாட்டோடு பாட்டிலும் சேர்ந்தே இருக்கட்டும். மாலையில் நீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பயணத்துக்கு முன் அதன் நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தாங்களாக மாற்ற வேண்டாம். எரிச்சல், காய்ச்சல், ரத்தம் கலந்த சிறுநீர் தெரிந்தால் அது இந்த வழிகாட்டியோடு தீர்கிற விஷயம் அல்ல, கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## 11. காலையில்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் பாட்டிலைக் காலி செய்யுங்கள். சமையல் தொடங்கிவிட்டால் அந்தக் கையோடு பாத்திரம் தொட நேரும். மாலையில் பார்த்துவைத்த சிறுநீர் இடத்திலேயே, கொஞ்சம் பரவலாக ஊற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் அங்கேயே ஊற்றுங்கள். ஓடையில் அலச வேண்டாம். மூடியைத் திறந்து வெயில் படும்படி சற்று நேரம் வைத்துவிட்டு, பையின் வெளிப்பக்கம் செருகுங்கள். உணவோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். வீடு திரும்பியதும் பாட்டிலில் வினிகர் கலந்த நீரை நிரப்பி ஒரு இரவு ஊறவிட்டு, சோப்பால் கழுவினால் வாடை போகும்.

பயன்படுத்தாத குழியை மண்ணால் மூடி, சருகு பரப்பிப் பழையபடி ஆக்குங்கள். திறந்து கிடக்கும் குழியில் இருட்டில் வருபவர் கால் மாட்டும். மண்கரண்டி அங்கேயே நிற்கும், அதை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். கூடாரத்தைச் சுருட்டியபின் இரண்டு இடங்களுக்கும் ஒரு முறை நடந்து போய், வெள்ளையாக ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். இரவில் காற்று எடுத்துப்போன தாள் பத்து எட்டு தள்ளி முள்ளில் மாட்டியிருக்கும்.